இங்கிலீஷ் பரீட்சையும் உழைப்பாளி மக்களும்

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெளிநாட்டிலிருந்து பிரிட்டனுக்கு வேலைக்கு வருகிறவர்கள் முன்னைவிடக் கடினமான இங்கிலீஷ் பரீட்சையில் தேற வேண்டும் என்று அந்நாட்டுச் சர்க்கார் விதித்திருக்கிறது. தேர்ச்சித் தொழிலாளர் விசாவுக்குப் புதிதாக மனுப் போடுவோருக்கு 2026 ஜனவரி 8 முதல் இது அமுலில் இருக்கிறது. பேசுதல், கேட்டல், படித்தல், எழுதுதல் ஆகிய நான்கிலும் தேற வேண்டும். அங்கே பள்ளியின் மேல்வகுப்பை முடிக்கும் மாணவன் ஓர் அந்நிய மொழியில் எட்டும் தரம் இது என்று அந்தச் சர்க்காரே சொல்கிறது.

ஆலையில் நூல் நூற்கிறவனுக்கும் வயலில் நாற்று நடுகிறவளுக்கும் இதில் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகள்தான் படித்துவிட்டு வேலையின்றி நிற்கிறார்கள். தாலியை அடகு வைத்து, காணி நிலத்தை விற்று, வெளிநாட்டுக்குப் போக முயல்வது நம் குடும்பங்கள்தான்.

அந்நிய நாட்டுக்குப் போகிறவன் அந்த நாட்டுப் பாஷை தெரிந்துகொள்ள வேண்டாமா? நியாயமான கேள்வி. கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். சம்பளச் சீட்டைப் படிக்க, அபாய எச்சரிக்கையைப் புரிந்துகொள்ள, சங்கத்தில் எழுந்து பேசப் பாஷை வேண்டும். பாஷை தொழிலாளியின் ஆயுதம். ஆனால் சொல்லிக் கொடுப்பது வேறு. வாசலில் நிறுத்தி வடிகட்டுவது வேறு. வடிகட்டுகிறவனின் நோக்கம் என்ன என்பதைச் சரித்திரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கூலிக்குப் பரீட்சை இல்லை

1860-ம் வருஷம் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டு போயிற்று. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோர் போனார்கள். பெரும் பகுதியினர் தமிழரும் தெலுங்கரும். கரும்புத் தோட்டத்து வெள்ளை முதலாளி அவர்களிடம் இங்கிலீஷ் தெரியுமா என்று கேட்டானா? கேட்கவில்லை. கையும் காலும் திடமாக இருக்கிறதா என்றுதான் பார்த்தான். கைநாட்டே போதுமானதாக இருந்தது.

ஒப்பந்தம் முடிந்த கூலிகள் சுதந்திர மனிதர்களாக நிலம் பயிரிட்டார்கள், கடை வைத்தார்கள். சொந்தச் செலவில் வியாபாரிகளும் வந்தார்கள். உடனே 1897-ல் சட்டம் வந்தது: நேட்டாலுக்குள் வருகிறவன் ஓர் ஐரோப்பியப் பாஷையில் மனு எழுத வேண்டும். ஆனால் அதே சட்டத்தில் ஒரு விலக்கு! சர்க்கார் ஏற்பாட்டின்படி வரும் ஒப்பந்தக் கூலிக்கு அந்தப் பரீட்சை கிடையாது. அடிமைபோல் வந்தால் வாசல் திறப்பு. மனிதனாக வந்தால் வாசல் அடைப்பு. இதைவிட வெளிப்படையாகச் சொல்ல முடியுமா, தோழர்களே?

பிரிட்டிஷ் காலனி மந்திரி ஜோசப் சேம்பர்லேன், இந்த வழியையே கைக்கொள்ளும்படி அதே வருஷம் ஆஸ்திரேலியக் காலனிகளுக்கு யோசனை சொன்னார். நிறத்தைச் சொல்லித் தடுத்தால் சாம்ராஜ்யத்துக்குக் கெட்ட பெயர். பாஷையைச் சொல்லித் தடுத்தால் பேச்சில்லை! 1901-ல் ஆஸ்திரேலியா சட்டம் செய்தது. அதிகாரி 50 வார்த்தைகள் சொல்வார், வந்தவன் எழுத வேண்டும். எந்த ஐரோப்பியப் பாஷை என்பது அதிகாரியின் இஷ்டம். 1934-ல் யுத்த எதிர்ப்பு மாநாட்டுக்கு வந்த செக் நாட்டுக் கம்யூனிஸ்ட் எழுத்தாளர் ஏகான் கிஷ் பல பாஷைகள் அறிந்தவர். அவருக்கு ஸ்காட்லாந்தின் கேலிக் பாஷையில் பரீட்சை வைத்தார்கள். அது செல்லாது என்று அந்நாட்டு ஹைகோர்ட்டே தீர்ப்புச் சொல்லிற்று. 1958-ம் வருஷத்துச் சட்டத்தால்தான் அந்தப் பரீட்சை ஒழிந்தது.

இன்றைய வாசல்

இன்று எந்த அதிகாரியும் கேலிக் பாஷையில் கேள்வி கேட்பதில்லை. ஆனால் வாசலைத் திறப்பதும் அடைப்பதும் யார் தேவைக்கு? முதியோரைப் பராமரிக்க ஆள் கிடைக்காதபோது, 2022 பிப்ரவரியில் பராமரிப்பு ஊழியருக்கு பிரிட்டன் வாசலைத் திறந்தது. 2025 ஜூலை 22-ல் வெளிநாட்டிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு அதை மூடியது. கிழவர்களும் நோயாளிகளும் அங்கே குறைந்துவிட்டார்களா? இல்லை. அந்நியன் வந்து கெடுத்தான் என்ற கூச்சல் வலுத்தது. சர்க்கார் அதற்குப் பணிந்தது.

பரீட்சையில் தேறிப் போனவன் நிலையாவது நிம்மதியா? அவன் விசா ஒரு முதலாளியின் ஆதரவில் தொங்குகிறது. அந்த வேலை போனால், சாதாரணமாக 60 நாளுக்குள் வேறு முதலாளியைத் தேட வேண்டும். இல்லையேல் நாட்டை விட்டுப் போக வேண்டும். அநியாயத்தைக் கண்டு வாய் திறக்க எவனுக்குத் துணிவு வரும்? இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்தும் ஊமையாக நிற்க வேண்டியதுதான்!

நாம் கோருவது

வேலைக்குத் தேவையான அளவு பாஷையே கேட்கப்பட வேண்டும். அதைக் கற்பிக்கும் செலவை வேலை வாங்குகிறவன் ஏற்க வேண்டும். ஒரே முதலாளியிடம் தொழிலாளியைக் கட்டிப்போடும் விசா முறை ஒழிய வேண்டும். நம் நாட்டிலே நம் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். இது எல்லாவற்றுக்கும் முதல் கோரிக்கை.

வாலிபத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கிலீஷ் படியுங்கள், நன்றாகப் படியுங்கள். ஆனால் பரீட்சை எழுதாமலே சர்டிபிகேட் வாங்கித் தருகிறேன் என்று வரும் ஏஜெண்டை வாசற்படி ஏற்றாதீர்கள். மோசடி தெரிந்தால் விசா மறுப்பதோடு விடுவதில்லை. 10 வருஷம் வரை பிரிட்டனுக்குள் நுழையத் தடை விதிக்கலாம். பணம் ஏஜெண்டுக்கு, தண்டனை உங்களுக்கு!

நேட்டாலுக்கே மீண்டும் வருவோம். ஒப்பந்தம் முடிந்தும் அங்கே தங்கிய கூலி, வருஷத்துக்கு 3 பவுன் தலைவரி கட்ட வேண்டும் என்று 1895-ல் சட்டம் செய்தார்கள். 1913-ல் நிலக்கரிச் சுரங்கத்திலும் கரும்புத் தோட்டத்திலும் நம் மக்கள் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். தடியடி பட்டார்கள், சிறை புகுந்தார்கள், சிலர் உயிரையும் கொடுத்தார்கள். 1914-ல் அந்த வரி ரத்தாயிற்று. அவர்களில் இங்கிலீஷ் எழுதத் தெரிந்தவர் எத்தனை பேர்? ஆனால் கூட்டாக வேலையை நிறுத்தியபோது அவர்கள் சொன்னது இங்கிலீஷ்காரனுக்கு நன்றாகவே புரிந்தது.

அந்த ஒற்றுமையை நாம் கட்டுவோம், தோழர்களே!