யந்திரத்தின் மூச்சு

மாவனல்லையைக் கடந்து, 1820களில் அமைக்கப்பெற்ற கண்டி வீதியின் கடுகண்ணாவை ஏற்றத்தில் ஊர்ந்து, எங்கள் பிலிமத்தலாவையை அடையும் மோட்டார் வண்டிகள் நண்பகலிற் களைத்துவிடுகின்றன. நெரிசலில் வேகம் குறையக் காற்றோட்டமும் குறைந்து, யந்திர மூடியின் கீழ் வெப்பம் தேங்குவதே ஒரு காரணமாகும்.

வெப்பமுற்ற காற்று விரியும். 30 பாகைக் காற்று 60 பாகையை எய்தினால், அதே கொள்ளளவில் ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு குறைந்த காற்றே அடங்கும். காற்றுக் குறைந்தால் எரியும் பெற்றோலும் குறையும், வலுவும் தளரும். வளைவருகே முந்த முனைவோருக்கு அத்தளர்வு உயிராபத்தாகலாம்.

பரிகாரம் யாது? முதலில், காற்றுக் குழாயின் வாய் வெளிக்காற்றை நோக்கியிருத்தல் வேண்டும். வாய் உள்ளேயிருக்கக் குழாயை மட்டும் போர்த்துவது, அடுப்பருகே அமர்ந்து குடை பிடிப்பதற்கொப்பாகும். அடுத்து, புகைக்குழாய்ப் பக்கம் உலோகத் தகடொன்றும், குழாயின்மீது தீப்பற்றாத அலுமினிய உறையும் இடலாம். துணியும் பஞ்சும் ஆகா, தீ மூளும்.

தடையின்றி விரைந்தோடும் வண்டியிற் காற்று குழாயை நொடியிற் கடப்பதால், உறையின் பயன் சொற்பமே. நெரிசலில் ஊர்ந்தபின் ஏறும் வண்டிக்கே அது கைகொடுக்கும். கொதிக்கும் ரேடியேற்றருக்கோ அது மருந்தன்று. ஏற்றத்தில் முந்தாதிருக்கும் பொறுமைக்கு ஈடான உறை எதுவுமில்லை.