நம்ம கணக்கை நாமே காட்டுவோம்

(தண்டையார்பேட்டை கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)

கிராமத்தில் இருந்து இந்த இதழைப் படிக்கப் போகிற சகோதரிகளுக்கும் சேர்த்துத்தான் பேசுகிறோம்.

நாம் பல கூட்டங்களுக்குப் போகிறோம். சுவத்துல ஒரு திரை கட்டி, படம் படமாக் காட்டுவாங்க. இத்தனை குழு, இத்தனை கடன், இத்தனை தவணை என்று வரும். அதில் நம்ம போட்டோவும் இருக்கும். ஆனா பேசுறது வேற ஒருத்தர். அவங்க சொல்றது பொய் இல்லை. ஆனாலும் நம்ம உழைப்பும் நாணயமும் அதுல முழுசா வர்றதில்லை. அந்தப் படத்தை நாமே தயாரிச்சு, நாமே நின்னு பேசினா என்ன? அதைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

பெண்கள் இப்படிச் செய்வது புதுசு இல்லை. அகமதாபாத்தில் சேவா அமைப்பைச் சேர்ந்த பெண்கள் 1984-லேயே வீடியோ கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். அதில் காய்கறி விற்கிறவங்களும் எழுதப் படிக்கத் தெரியாதவங்களும் இருந்தாங்க. தங்கள் பிரச்சினையைத் தாங்களே படம் எடுத்துக் காட்டினாங்க. இன்று அந்த கேமரா நம்ம கைப்பையில் போனாகவே இருக்கிறது.

திரையில் வரும் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஸ்லைடு என்று பெயர். இதற்கான பவர்பாயிண்ட் 1987-ல் அமெரிக்காவில் வந்தது. அப்போது அதற்குக் கம்ப்யூட்டர் தேவைப்பட்டது, மென்பொருளைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. 2007-ல் கூகுள் நிறுவனம் இதே வேலையை இன்டர்நெட்டிலேயே இலவசமாகச் செய்ய வழி செய்தது. அதுதான் இப்போது கூகுள் ஸ்லைட்ஸ். நம்ம சென்னையில் பெரிய அலுவலகம் வைத்திருக்கிற ஜோஹோ நிறுவனத்தின் ஜோஹோ ஷோவும் இருக்கிறது. அழகான மாதிரிகள் வேணும்னா கேன்வா இருக்கிறது. எதிலாவது ஒன்றைப் பிடிச்சுக்கிட்டாப் போதும்.

செய்யும் முறை இதுதான். கூகுள் ஸ்லைட்ஸ் என்றால் ஒரு ஜிமெயில் கணக்கு வேணும். செயலியைத் திறந்து, கூட்டல் குறியைத் தொட்டால் வெற்று ஸ்லைடு வரும். தலைப்பு, வரி, போட்டோ சேர்க்கலாம். தமிழில் தட்ட வராதவங்க போன் கீபோர்டில் இருக்கிற மைக்கைத் தொட்டுப் பேசினால் எழுத்தாக வரும். பிறகு படிச்சுப் பார்த்துத் திருத்தணும். நெட் இருந்தால் தானாகவே சேமித்துக்கொள்ளும். டி.டி.பி. கடையில் பழைய எழுத்துருவில் அடித்த தமிழை அப்படியே ஒட்டினால் புரியாத எழுத்தாக வரும். யூனிகோடு தமிழில் அடிக்கச் சொல்லி வாங்குங்கள்.

என்ன போடுவது? ஆறு ஸ்லைடு போதும்.

1. குழுவின் பெயர், ஊர், தொடங்கிய ஆண்டு, உறுப்பினர் எண்ணிக்கை.
2. சேமிப்பு. உதாரணமாக 12 பேர் மாதம் 200 ரூபாய் போட்டால் மாதம் 2,400. ஒரு வருஷத்துக்கு 28,800.
3. உள்கடனும் வங்கிக் கடனும். வாங்கியது, கட்டியது, பாக்கி.
4. தொழில். யார் என்ன செய்கிறோம், போட்டோவோடு.
5. நமக்கு வந்த இடைஞ்சல்.
6. இப்போது என்ன கேட்கிறோம், எப்படித் திருப்பிக் கட்டுவோம்.

ஒரு ஸ்லைடில் ஒரு விஷயம், நாலு வரி, பெரிய எழுத்து. கடைசி வரிசையில் இருக்கிற பாட்டியம்மாவுக்கும் தெரியணும். அதில் எழுதியதையே பார்த்துப் படிக்காதீங்க. எழுத்து திரையில் இருக்கட்டும், விளக்கம் உங்கள் வாயில் வரட்டும். எல்லாக் கணக்கும் தீர்மானப் புத்தகத்தோடும் பாஸ்புக்கோடும் ஒத்துப் போகணும். யாராவது கேட்டால் அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டணும்.

ஐந்தாவது ஸ்லைடு ஏன் முக்கியம் என்று நம்ம ஏரியாக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2017 ஜனவரி 28-ஆம் தேதி எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரைக்கு வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் பரவியது. வலையும் படகும் பாழானது எல்லார் கண்ணுக்கும் தெரிஞ்சது. ஆனா கூடையில் மீன் விற்கிற பெண்ணுக்கு எத்தனை நாள் வியாபாரம் போச்சு என்பது எந்தப் படத்திலும் தெரியாது. அதை நாம்தான் எழுதி வைக்கணும். என்ன தேதி, எந்த இடம், எத்தனை நாள், எவ்வளவு ரூபாய். தேதி போட்ட ஒரு போட்டோவும் நாலு வரிக் கணக்கும், வாயால் சொல்லும் நூறு புகாரை விட நிற்கும். கிராமத்துச் சகோதரிகளுக்கு இதுவே வறட்சியாக இருக்கலாம், மாடு செத்ததாக இருக்கலாம். எழுதும் முறை ஒன்றுதான்.

அடுத்தது பகிர்வது. ஷேர் என்பதைத் தொட்டால், யாருக்கு என்ன உரிமை என்று கேட்கும். பார்க்க மட்டும், கருத்துச் சொல்ல, திருத்த என்று மூன்று வகை. திருத்தும் உரிமை குழுவில் இரண்டு மூன்று பேருக்கு மட்டும் போதும். மேனேஜர் மேடத்துக்கும் அதிகாரிகளுக்கும் பார்க்கும் உரிமை. லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். நெட் கிடைக்காத ஊர் என்றால் முன்னாடியே பி.டி.எஃப். ஆக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உலகத்துக்கே காட்டுகிற வழியும் உண்டு. இந்தியாவில் பிறந்த ரஷ்மி சின்ஹா என்ற பெண்மணி இரண்டு பேரோடு சேர்ந்து 2006-ல் தொடங்கிய ஸ்லைடுஷேர் அப்படிப்பட்டது. அங்கே போட்டால் யாரும் பார்க்கலாம். ஊறுகாய், கருவாடு, தையல் வேலை பற்றிய ஸ்லைடை அங்கே போடலாம். கடன் கணக்கைப் போடக் கூடாது.

மூன்று விஷயத்தில் கவனம் வேணும். முதலில், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், போன் நம்பர் எதையும் ஸ்லைடில் போடாதீங்க. இரண்டாவது, ஒரு உறுப்பினரின் படத்தையோ கடனையோ போடும் முன் அவங்களைக் கேளுங்க. தவணை தவறியவர் பெயரைத் திரையில் போட்டால் அந்தப் பெண் அடுத்த கூட்டத்துக்கு வர மாட்டாங்க. குழுவின் மொத்தக் கணக்கைப் போட்டாலே போதும்.

மூன்றாவது, ஜிமெயில் கணக்கு குழுவின் பெயரில் இருக்கட்டும். பேங்கில் பணம் எடுக்க ஒருத்தர் கையெழுத்துப் போதும் என்று நாம் விடுவதில்லையே! அதே மாதிரி பாஸ்வேர்டும் இரண்டு நிர்வாகிகளுக்குத் தெரியணும். ஊக்குநர் கல்யாணமாகியோ வீடு மாறியோ போனால், அவங்க போனோடு குழுவின் வரலாறும் போயிடக் கூடாது. நிர்வாகிகள் மாறும்போது பாஸ்வேர்டை மாற்றி, தீர்மானத்தில் எழுதி வையுங்கள்.

"எனக்குப் படிப்பு இல்லையே" என்று சில அக்காமார் சொல்றாங்க. போட்டோ எடுக்க ஒருத்தர், கணக்குச் சொல்ல ஒருத்தர், தட்டிப் போட காலேஜ் படிக்கிற மகள், எழுந்து நின்னு பேச தைரியமான ஒருத்தர். சேமிப்பை எல்லாரும் சேர்ந்துதானே செய்தோம், இதையும் சேர்ந்தே செய்வோம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் முதல் மூன்று ஸ்லைடைத் தயார் செய்து வாருங்கள். இங்கேயே போட்டுப் பார்ப்போம், கேள்வி கேட்டுப் பழகுவோம். அதற்குப் பிறகு பேங்க்கில் போய்க் கடன் கேட்கும்போது, நம்ம கணக்கை நம்ம வாயால் சொல்லுவோம்.