அப்பாவோட நீல வேட்டி

(இந்த வார அரட்டையின் எழுத்து வடிவம் இது. கேட்க நேரமில்லாதவர்களுக்காக "ம்", "ஆங்" எல்லாம் எடுத்துவிட்டு, கொஞ்சம் திருத்திக் கொடுத்திருக்கிறோம். பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடிய ஒரு நிமிடத்தையும் வெட்டிவிட்டோம். பேசுவது வழக்கம்போல நாங்கள் இரண்டு பேர்தான்.)

அவள்: வேளச்சேரியிலருந்து மறுபடியும் நாங்கதான். ரெண்டு வாரமா எபிசோட் வரலைன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. சண்டையான்னு கூட ஒருத்தர் கேட்டிருந்தார்.

அவன்: சண்டைதான். அவருக்கு எப்படித் தெரிஞ்சதுன்னுதான் புரியல.

அவள்: அதுக்கு வரேன். முதல்ல சின்னச் செய்தியெல்லாம் முடிச்சிடலாம். இவங்க அம்மா ஈரோட்டுலருந்து மாங்கா ஊறுகாய் அனுப்பியிருக்காங்க, பார்சல்ல எண்ணெய் கசிஞ்சு என் புது குர்தா மேல ஊத்திடுச்சு. என் அக்கா பொண்ணு ஸ்கூல் ஆண்டு விழாவுல மரமா நடிச்சா. வசனம் கிடையாது. ஆனாலும் வீட்டுல மூணு நாள் ரிகர்சல்.

அவன்: நல்லாதான் நின்னா.

அவள்: சரி, ஊர்ச் செய்தி. கிளாம்பாக்கம்.

அவன்: இதைப் பத்திப் பேசாத சென்னைக்காரன் உண்டா? 2023 டிசம்பர் 30 அன்னிக்குத் திறந்தாங்க. கோயம்பேட்டுல இறங்கிப் பழகின தென் மாவட்டக்காரங்க, இத்தனை நாள் ஆகியும் அதைத் தாண்டும்போது ஒரு பெருமூச்சு விடுறாங்க. இடம் பெருசு, சுத்தமா இருக்கு, குறை சொல்லக் கூடாது. ஆனா விடியக்காலை அஞ்சு மணிக்கு தூக்கக் கலக்கத்துல இறங்கினா எந்தப் பக்கம் மாநகரப் பஸ், எந்தப் பக்கம் ஆட்டோன்னு புரிய அஞ்சு நிமிஷம் ஆகும்.

அவள்: எங்கப்பாவுக்கு முக்கால் மணி நேரம் ஆச்சு.

அவன்: ஆமா.

அவள்: அங்கதான் கதை ஆரம்பிக்குது. அப்பா திருநெல்வேலியிலருந்து வந்தார். ஊர் மூலைக்கரைப்பட்டி பக்கம். அம்மா போனதுலருந்து தனியாதான் இருக்கார். "பஸ்ஸுலேயே வாரேன், இறங்கிப் போன் போடுதேன்"னு சொன்னவர் போன் போடல. இவன் கூப்பிட்டா, "இங்ஙனதான் நிக்கேன் மாப்ள, வெளிய போற வழிதான் தெரியல" அப்படிங்கிறார். தலைக்கு நேர் மேல, கட்டில் அகலத்துக்கு ஒரு போர்டு இருக்கு. அதை அவர் படிக்கல.

அவன்: படிக்க முடியல.

அவள்: நான் என்ன நினைச்சேன்? புது இடம், வயசு எழுபத்தொண்ணு, குழம்பிட்டார்னு. ஆனா இவன் முகத்துல கொஞ்சம் கூட ஆச்சரியம் இல்ல. அதை நான் கவனிச்சேன். கார்ல வச்சுக் கேட்டேன், மழுப்பினான். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திட்டுக் கேட்டேன். சொன்னான்.

அவன்: நான் சொல்லட்டுமா?

அவள்: சொல்லு, சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்.

அவன்: தீபாவளிக்கு ஊருக்குப் போனோம்ல, அப்போ மாமா என்னை அவரோட டிவிஎஸ் 50-ல பின்னாடி உக்கார வச்சு கூந்தன்குளம் கூட்டிட்டுப் போனார். வழியில ஒரு வேகத்தடை. பிரேக்கே பிடிக்கல, அப்படியே ஏத்தி இறக்கினார். நான் பறந்து விழாதது அதிர்ஷ்டம். அடுத்தது ஒரு பள்ளம், அதுல மட்டும் சரியா ஒதுங்கிட்டார். எப்படின்னு கேட்டேன். "அந்தப் பள்ளம் நாலு வருசமா இருக்கு மாப்ள, தடை புதுசு" அப்படின்னார்.

அவள்: மனப்பாடமா வண்டி ஓட்டியிருக்கார்.

அவன்: அன்னிக்கே சொன்னார், புரை விழுந்திருக்குன்னு. "மகட்ட சொல்லாதீக, லீவு போட்டுட்டு ஓடி வந்துருவா, பொங்கல் கழியட்டும், நானே சொல்லுதேன்"னு கையைப் பிடிச்சுக் கேட்டார். என் மாமனார் அதுவரைக்கும் என்கிட்ட எதுவுமே கேட்டதில்ல. நான் சரின்னுட்டேன்.

அவள்: ரெண்டு மாசம். வாராவாரம் ஞாயித்துக்கிழமை நான் ஸ்பீக்கர்ல போட்டு, "கண்ணு எப்படிப்பா இருக்கு"ன்னு கேக்கறேன், "கழுகு மாதிரி இருக்கு"ன்னு அவர் சொல்றார், இவன் பக்கத்துல உக்காந்து வேர்க்கடலை உரிக்கிறான்.

அவன்: தப்புதான். வண்டி ஓட்டாதீங்கன்னு மட்டும் தினமும் மெசேஜ் அனுப்பினேன்.

அவள்: கண்ணு தெரியாத மனுஷனுக்கு மெசேஜ்!

அவன்: ...வாய்ஸ் மெசேஜ்.

அவள்: சரி விடு. ஒரு விஷயம் கேக்கறவங்களுக்குச் சொல்லிடறேன், ஏன்னா எங்கப்பா மாதிரி ஊர்ல இன்னும் நிறைய பேர் இதை நம்பிட்டிருக்காங்க. "புரை முத்தட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்." அந்தக் காலத்து ஆபரேஷனுக்கு அது சரி. இப்போ அப்படிக் காத்திருக்கத் தேவையில்ல, அன்றாட வேலைக்கு இடைஞ்சலா இருந்தாலே எடுத்துடலாம்னு டாக்டர் சொன்னாங்க. ரொம்ப முத்தினா உள்ளே இருக்கிற லென்ஸ் கெட்டியாகி, உடைச்சு எடுக்கறதுதான் கஷ்டமாகுமாம். கண்ணுல சொட்டு மருந்து போட்டு மரத்துப்போக வச்சு, சின்ன துவாரம் வழியா பழைய லென்ஸை எடுத்துட்டு, செயற்கை லென்ஸை உள்ளே வச்சிடறாங்க. காலையில போனோம், சாயங்காலம் வீட்டுக்கு வந்து ரசம் சாதம் கேட்டார்.

அவன்: இப்போதைக்கு வலது கண்ணு மட்டும்தான். இடது அப்புறம்.

அவள்: அந்த "அப்புறம்"தான் இந்த வாரத்து சண்டை. அதுக்கு முன்னாடி நம்ம பறவைப் பகுதிக்குப் போயிடலாம், ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு இருக்கு.

அவன்: ஆபரேஷனுக்கு முந்தின ஞாயிறு மாமாவைப் பள்ளிக்கரணை கூட்டிட்டுப் போனோம். ரேடியல் ரோட்டு ஓரத்துல இருக்கிற சூழலியல் பூங்கா. ஒரு பக்கம் லாரி, ஒரு பக்கம் ஐடி கட்டடம், தூரத்துல பெருங்குடி குப்பை மேடு, நடுவுல சதுப்பு நிலம். சென்னையில இதைவிட விசித்திரமான காட்சி கிடையாது. மிச்சம் இருக்கிறதுல சுமார் 1,248 ஹெக்டேரை 2022-ல ராம்சார் பட்டியல்ல சேர்த்தாங்க. மாமா ஊர்ப் பக்கத்துக் கூந்தன்குளமும் அதே பட்டியல்லதான் இருக்கு.

அவள்: அதைச் சொன்னதும் அப்பா, "அப்பம் ரெண்டும் ஒரே வகுப்பு"ன்னார்.

அவன்: நான் பைனாகுலரைக் கொடுத்தேன், வாங்கல. அப்படியே கம்பியைப் பிடிச்சு நின்னுட்டு, "கூழைக்கடா பறக்கு, ஏழெட்டு இருக்கும்"னார். நிமிர்ந்து பாத்தா எட்டு. "எப்படி மாமா?"ன்னா, "அது றெக்கையடிக்காம மிதக்கிற தினுசு தெரியாதா"ன்னார். நான் அஞ்சு வருஷமா ஆப் வச்சுக்கிட்டு, புக் வச்சுக்கிட்டு அலையறேன். இவர் மங்கலான கண்ணோட, நிழல் மாதிரி தெரியறதை வச்சே பேரைச் சொல்றார்.

அவள்: அவர் வளர்ந்த இடம் அப்படி. கூந்தன்குளத்துல வீட்டுக் கொல்லையில இருக்கிற மரத்துலேயே நாரை கூடு கட்டும். குஞ்சு கீழே விழுந்தா எடுத்து வளர்ப்பாங்க. பறவை மிரளும்னு தீபாவளிக்கு வெடி போட மாட்டாங்க. பறவை வந்தா ஊருக்கு நல்லதுன்னு நம்பிக்கை. எச்சம் கலந்த குளத்துத் தண்ணி பாயற வயலுக்கு உரமும் ஆச்சு, அது வேற கணக்கு. இமயமலைக்கு அந்தப் பக்கத்துலருந்து வரித்தலை வாத்து வரைக்கும் வரும். அப்பாவுக்கு அதெல்லாம் விருந்தாளிங்க மாதிரி. "இந்த வருசம் பிந்திட்டாக"ன்னுதான் சொல்வார்.

அவன்: ஒரே ஒரு இடத்துல தப்பு பண்ணினார். கோரைக்கு நடுவுல ஒரு கூட்டம் மேஞ்சிட்டிருந்தது. "கறுப்புக் கோழி"ன்னார். நீலத் தாழைக்கோழி அது. நான் திருத்தல.

அவள்: நான் திருத்தினேன். "நீலம்பா"ன்னேன். "கறுப்புதாம்ளா"ன்னு அடிச்சுச் சொல்லிட்டார். வாதம் பண்ணல.

அவன்: ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு வாரம் ஆச்சு. டாக்டர்கிட்ட கேட்டுட்டு, கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு, போன ஞாயிறு மறுபடியும் அதே இடம். அதே கோரை, அதே கோழி. மாமா கண்ணாடியைக் கழட்டினார். வலது கண்ணை மூடிப் பாத்தார், இடது கண்ணை மூடிப் பாத்தார். திருப்பி, திருப்பி. ஒரு நாலு தடவை.

அவள்: "ஏளா, இது நீலம்லா!"

அவன்: பக்கத்துல நடந்துட்டிருந்த ஒருத்தர் திரும்பிப் பாத்தார். அவ்ளோ சத்தம்.

அவள்: புரை விழுந்த லென்ஸ் மஞ்சளா, பழுப்பா போயிடுமாம். நீலத்தை உள்ளே விடாதாம். அதனால ஆபரேஷனுக்கு அப்புறம் எல்லாருக்குமே நீலம்தான் முதல்ல பளிச்சுனு தெரியும்னு டாக்டர் சொல்லியிருந்தாங்க. அப்பா சொன்னதுதான் சூப்பர். "இடது கண்ணுல பாத்தா எல்லாம் டீத்தண்ணில முக்கின மாதிரி இருக்கு."

அவன்: அதோட முடிஞ்சிருந்தா நல்லாருந்திருக்கும்.

அவள்: வீட்டுக்கு வந்தோம். பையிலருந்து வேட்டியை எடுத்து விரிச்சார். அப்படியே உக்காந்துட்டார். எங்கப்பா வேட்டி வெளுப்புக்கு ஊர்ல பேர் போனவர். அம்மா இருந்தவரைக்கும் அவங்க துவைப்பாங்க. அம்மா போனப்புறம் அவரே துவைக்கிறார். எவ்வளவு துவைச்சாலும் பழுப்பாவே இருக்குன்னு சொட்டு நீலத்தை ரெண்டு மூடி, மூணு மூடின்னு ஊத்தியிருக்கார். ரெண்டு வருஷமா. எல்லா வேட்டியும் ஆகாசக் கலர்.

அவன்: தீபாவளிக்கு நாங்க அதைப் பாத்தோம்.

அவள்: நான் பாத்துச் சிரிச்சேன். "என்னப்பா, கட்சி மாறிட்டீங்களா, நீல வேட்டி கட்டியிருக்கீங்க"ன்னு கிண்டல் பண்ணினேன். அவரும் சிரிச்சார். நான் சொன்னது என்னன்னே அவருக்குப் புரிஞ்சிருக்காது, அவருக்கு அது வெள்ளை. போன் பண்ணிக் கண்ணு எப்படி இருக்குன்னு வாராவாரம் கேட்டேன், ஆனா பதில் என் கண்ணு முன்னாடி கொடியில காஞ்சுட்டிருந்தது. இவன் மேல நான் கோபப்பட்டதுல பாதி இதுக்குத்தான்.

அவன்: பாதி மட்டும்தான்.

அவள்: பாதிதான். மீதி உனக்கு.

அவன்: இப்போ நிலவரத்தைச் சொல்லு.

அவள்: நிலவரம் இதுதான். நான் என்ன சொல்றேன்னா, இடது கண்ணும் முடியட்டும், அதுவரைக்கும் இங்கேயே இருங்க. சொட்டு மருந்து முதல் வாரம் ஒரு நாளைக்கு ஆறு வேளை, அப்புறம் வாரத்துக்கு ஒரு வேளை குறைச்சுக்கிட்டே வரணும். தனியா இருந்தா யார் போடுவா? அவர் என்ன சொல்றார்னா, பொங்கலுக்கு அம்மா படத்துக்கு முன்னாடி பானை வைக்கணும், வீடு பூட்டியிருக்கக் கூடாது. மாசியில இடது கண்ணுக்கு வாரேன். சொட்டு மருந்தை நானே போட்டுக்கிடுவேன்.

அவன்: போட்டுக் காட்டினார். படுத்துக்கிட்டு, கீழ் இமையை இழுத்துவிட்டு, ஒரே சொட்டு, கரெக்டா. நான் போட்டா கன்னத்துல விழுது.

அவள்: இவன் அவர் பக்கம். எப்பவும் அவர் பக்கம்.

அவன்: நான் சொன்னது ஒண்ணுதான். மூணு வாரமா பத்தாவது மாடி பால்கனியில அவர் காலை ஆறு மணிலருந்து நிக்கறார். கீழே தண்ணி லாரி வர்றதை எண்றார். நேத்து பதினேழு.

அவள்: (கொஞ்ச நேரம் பேசவில்லை.) அது எனக்கும் தெரியும். அதனாலதான் சரின்னுட்டேன். ஆனா சும்மா இல்ல. எதுத்த வீட்டுப் பெரியம்மாகிட்ட பேசி, மருந்து நேரத்துக்கு அவங்க வந்து பாத்துக்கறதா ஏற்பாடு. மாசியில டாக்டர் தேதி இப்பவே வாங்கியாச்சு. பொங்கலுக்கு நாங்க ரெண்டு பேரும் கூடப் போறோம், நாலு நாள்.

அவன்: அந்த நாலு நாள்தான் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு! 2015-லருந்து நடக்குது. புதுசா கேக்கறவங்களுக்கு: ஒரு இடத்துல குறைஞ்சது பதினஞ்சு நிமிஷம் நின்னு, பாத்த பறவையெல்லாம் எண்ணி ஈபேர்ட்ல பதிவு பண்ணணும். வீட்டு மொட்டை மாடி போதும், காக்கா, மைனா எல்லாம் கணக்குதான். பேர் தெரியாததை ஊகிச்சுப் போடாதீங்க, தெரிஞ்சதை மட்டும் எழுதுங்க. நாங்க இந்த வாட்டி கூந்தன்குளத்துலருந்து. மாமா எண்ணுவார், நான் எழுதுவேன்.

அவள்: வலது கண்ணால எண்ணுவார். ஆமா, அந்த வண்டி சாவியை நான் எடுத்து என் பையில வச்சுட்டேன். மாசி வரைக்கும் டிவிஎஸ் 50 கிடையாது. அதுல பேச்சே இல்ல.

அவன்: அதைப் பத்தி ஒண்ணு சொல்லணும். இனிமே எதையும் மறைக்கறதில்லன்னு சொல்லியிருக்கேன் இல்லையா?

அவள்: என்ன?

அவன்: இன்னொரு சாவி இருக்கு. அரிசி டிரம்முக்கு அடியில.

அவள்: ரெக்கார்டிங்கை நிறுத்து.

அவன்: மக்களே, அடுத்த வாரம் ஊர்லருந்து—

அவள்: நிறுத்துடா. அப்பா! கொஞ்சம் இங்க வாங்க.