நிலத்தைக் காணோம், ஃபைலைக் காணோம்

இந்த எபிசோடை ஊர்ல இருந்து, அதாவது தென்காசில இருந்து ரெக்கார்ட் பண்றேன். பின்னாடி தகரத்துல யாரோ விரலால தட்டுற மாதிரி சத்தம் கேட்டா, அது மைக் பிரச்சினை இல்ல. குற்றாலச் சாரல். ஜூன்ல ஆரம்பிச்சா ஆகஸ்ட் வரைக்கும் இப்படித்தான். காலைல ஐந்தருவில குளிச்சிட்டு வந்து உக்காந்திருக்கேன், குரல் கொஞ்சம் கட்டியிருக்கும், பொறுத்துக்கோங்க.

போன வாரம் அப்பா ஒரு வேலை சொன்னார். பயிர்க்கடனுக்குக் கேக்குறாங்க, நம்ம வயலோட பட்டாவை ஆன்லைன்ல எடுத்துக் குடுன்னு. சாஃப்ட்வேர் இன்ஜினியராச்சே, ரெண்டு நிமிஷ வேலைன்னு உக்காந்தேன். பத்திரத்துல என்ன எழுதியிருக்கு? திருநெல்வேலி மாவட்டம், தென்காசி வட்டம், அப்புறம் கிராமம், சர்வே நம்பர். அதையே அப்படியே தேர்ந்தெடுக்கப் போனேன். திருநெல்வேலியைத் தட்டினா, அதுக்குக் கீழ வர்ற பட்டியல்ல தென்காசி வட்டமே இல்ல. "அப்பா, நம்ம நிலத்தைக் காணோம்"னேன், வடிவேலு கிணத்தைக் காணோம்னு நின்ன மாதிரி. அப்பா பேப்பர்ல இருந்து தலையைத் தூக்கவே இல்ல. "ஏல, நாம இப்போ தென்காசி மாவட்டம்லா!"

எனக்குத் தெரியாதா என்ன. 2019 நவம்பர் 22, தமிழ்நாட்டோட 33ஆவது மாவட்டமா தென்காசி உதயமான அன்னைக்கு முதல் ஆளா ஸ்டேட்டஸ் போட்டவன் நான். ஆனா கையில இருந்த காகிதம் திருநெல்வேலின்னு சொல்லுச்சு, விரல் அதைக் கேட்டுச்சு.

இதுல எனக்கு உறைச்ச விஷயம் இதுதான். வயல் ஒரு அடி கூட நகரல. அது இருந்த ஃபோல்டர்தான் மாறிப்போச்சு. மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு: இது அப்படியே நம்ம கம்பெனி ஷேர்டு டிரைவ் மாதிரிதான். மேல் ஃபோல்டர் ரெண்டு நிர்வாகத்தோட வசதிக்கு. எப்போ வேணா பிரிப்பாங்க, சேர்ப்பாங்க. அடியில இருக்கிற கிராமமும் எண்ணும்தான் நிலத்தோட நிஜ அடையாளம்.

பின்கோடை எடுத்துக்கோங்க. 1972ல வந்தது. தென்காசி 627811, குற்றாலம் 627802. மாவட்டம் பிரிஞ்ச பிறகும் அதே 627தான். ஏன்னா அது மாவட்டத்தை நம்பி உண்டாக்கின எண் இல்ல, தபால் பிரிக்கிற வசதிக்காக உண்டாக்கினது. ஆனா பேர் வேற மாதிரி. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர் பக்கம். அது தமிழ்நாட்டோட சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆச்சு, கேரள எல்லை புளியரைக்கு அந்தப் பக்கம் போயாச்சு. நாம இன்னும் பிரானூர் பார்டர்ல புரோட்டா சாப்பிடப் போறோம். எந்த பார்டர்னு யாரும் கேக்குறதில்ல. புரோட்டா விஷயத்துல பழைய லேபிள் யாருக்கும் நஷ்டம் இல்ல.

ஆபீஸ்ல நஷ்டம் உண்டு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுத்தி வந்தேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நான் ஒரு பெரிய கம்பெனில இருந்தேன். பேர் வேண்டாம். நான் டீம் மாறிப் போயிட்டேன், என் பழைய டீமை இன்னொரு டீமோட சேர்த்துட்டாங்க. ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு பேமென்ட் நின்னுபோச்சு. ட்யூட்டில இருந்த தம்பி சேர்ந்து நாலு மாசம்தான் ஆகுது. விக்கியில தேடினான், முதல்ல வந்த பக்கத்தைத் திறந்தான், படிப்படியா செஞ்சான். நாலாவது படி, மாத்து சர்வருக்குத் திருப்பி விடு. அந்த சர்வர் எப்பவோ வேற டீம் கைக்குப் போயாச்சு. பேமென்ட் சரியாகல, கூடவே அவங்க வேலையும் படுத்துக்கிச்சு. விடியற வரைக்கும் ஆச்சு.

அந்தப் பக்கத்தை எழுதினது நான். 2021ல. எழுதினப்போ சரியாத்தான் இருந்தது. சரியான புதுப் பக்கம் ஒண்ணும் இருந்துச்சு, புது டீமோட இடத்துல, 'நோட்ஸ்'ங்கிற தலைப்புல. அதை யாரு தேடிப் பிடிப்பா? பழசுக்குத்தான் எல்லா இடத்துல இருந்தும் லிங்க், அதனால தேடினா அதுதான் மேல வரும்.

மறுநாள் ரிவ்யூ மீட்டிங். "செய்றதுக்கு முன்னாடி ஏன் சரிபாக்கல?"ன்னு அந்தத் தம்பிய கேட்டாங்க. அவன் ஸாரி சொன்னான். நானும் அந்தக் கால்ல இருந்தேன். மியூட்ல. மீட்டிங் முடிஞ்ச பிறகுதான் மேனேஜருக்கு மெசேஜ் போட்டேன், அது என் பக்கம்னு. எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கணும். சொல்லல.

அதுக்கப்புறம் இதைப் பத்தி நிறைய படிச்சேன். டிம் பெர்னர்ஸ் லீ, வெப்பைக் கண்டுபிடிச்சவர், 1998லயே எழுதியிருக்கார்: முகவரில எழுதினவர் பேர், துறை, தலைப்பு இதையெல்லாம் போடாதீங்க, மாறிப்போற எல்லாமே முகவரியை உடைக்கும்னு. ஆனா எனக்கு அதைவிட நல்லாப் புரிய வெச்சது நம்ம ஊர்க் கதைதான். கர்ணம் கேள்விப்பட்டிருப்பீங்க. ஊர் நிலக்கணக்கு அவர் பொறுப்பு, அந்தப் பொறுப்பு பரம்பரையா வரும். 1980ல எம்.ஜி.ஆர். ஆட்சியில அந்தப் பதவிகளை ஒழிச்சு, கிராம நிர்வாக அலுவலர்னு கொண்டு வந்தாங்க. அது சாதாரண மாற்றம் இல்ல. கணக்கு ஒரு குடும்பத்தோட இல்லாம, ஒரு நாற்காலியோட சேர்ந்தது. வி.ஏ.ஓ. மாறுதல்ல போவார், பதிவேடு போகாது. அடுத்து வர்றவர் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆகணும். என் விக்கிப் பக்கம் கர்ணம் காலத்துலயே நின்னுபோச்சு. அடியில என் பேர் இருந்துச்சு, நான் அங்க இல்ல.

இன்னொண்ணு. மறு அளவை நடந்த ஊர்ப் பத்திரங்கள்ல பழைய சர்வே நம்பர் இது, புது சர்வே நம்பர் இதுன்னு ரெண்டையும் எழுதியிருப்பாங்க. பழைய எண்ணோட வர்றவனை விரட்டாம புது இடத்துக்குக் கூட்டிட்டுப் போற ஏற்பாடு அது. வெப்ல நாம ரீடைரக்ட்னு சொல்றது. இப்போ ஒவ்வொரு நிலத்துக்கும் 14 இலக்கத்துல ஒரு தனி எண் குடுக்குற திட்டத்தையும் 2021ல மத்திய அரசு ஆரம்பிச்சிருக்கு.

அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் நாங்க செஞ்சது ரொம்ப போரான வேலை. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஆள் பேருக்குப் பதிலா ஒரு பொறுப்போட பேர். ஒரு தேதி, அந்தத் தேதிக்குள்ள யாரும் பாத்து 'சரி'ன்னு சொல்லலேன்னா மேல மஞ்சள் பட்டை வந்துரும், தேடல்லயும் கீழ இறங்கிரும். பக்கத்தை நகர்த்தினா பழைய லிங்க் புதுசுக்குக் கூட்டிட்டுப் போகணும். காப்பி எடுக்காதே, லிங்க் குடு. பெரிய சண்டை வந்தது அழிக்கிறதுலதான். "இருக்கட்டுமே, என்னைக்காவது உதவும்"னு எல்லாரும் சொன்னாங்க. நான் அந்த ராத்திரி ரெண்டு மணியை ஞாபகப்படுத்தினேன். ஒருத்தர் புது டூல் வாங்கலாம்னார். இருக்கிற ரெண்டு இடத்தோட மூணாவதா ஒரு இடம் வரும், அவ்வளவுதான். டூல் மேல எனக்கு வெறுப்பு இல்ல. இங்க பக்கத்துல மத்தளம்பாறைலதான் ஜோஹோ 2011ல ஆபீஸ் திறந்து, டெஸ்க்ங்கிற கஸ்டமர் சப்போர்ட் சாஃப்ட்வேரை உருவாக்கினாங்க. அதுக்குள்ள உதவிக் கட்டுரைகளைச் சேத்து வைக்கிற வசதியும் உண்டு. நான் அங்க வேலை பாக்கல, விளம்பரமும் இல்ல. எவ்வளவு நல்ல சாஃப்ட்வேரா இருந்தாலும், உள்ள இருக்கிற கட்டுரை பழசுன்னா அது பழசைத்தான் வேகமா எடுத்துக் குடுக்கும்.

அந்தத் தம்பிகிட்ட நேர்ல மன்னிப்பு கேட்டேன். "பரவால்லண்ணா"ன்னான். இப்போ அவன்தான் அந்த மஞ்சள் பட்டை லிஸ்ட்டைப் பாத்துக்கிறான். டீம்ல எல்லாருக்கும் அவனைக் கண்டா பயம்.

சரி, பட்டா கிடைச்சுது. தென்காசி மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன், வந்துருச்சு. பத்திரத்துல திருநெல்வேலி, பட்டாவுல தென்காசி, ஏதாவது சொல்வாங்களோன்னு பயந்துட்டே கூடப் போனேன். கவுண்ட்டர்ல இருந்த அக்கா கிராமத்தையும் சர்வே நம்பரையும் மட்டும் ஒத்துப் பாத்தாங்க, வாங்கிக்கிட்டாங்க.

வீட்டுக்கு வந்து அப்பா இன்னொரு பிரிண்ட்டை பீரோவுல வெச்சார். ஏற்கெனவே அங்க நாலஞ்சு ஜெராக்ஸ் கிடக்கு. "இதுல எதுப்பா லேட்டஸ்ட்?"னு கேட்டேன்.

"மேல கிடக்கதுதான்"னார்.

மழை கூடிருச்சு, மொட்டை மாடில துணி வேற காயுது. அடுத்த வாரம் பாப்போம்.