மின்காந்த அலையும் முனைவாக்கமும்



திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் வழியில் காதங்கி என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடத்தின் 53 மெகாஹெர்ட்ஸ் ரேடார் 1990-களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கியது. 130 மீட்டர் சதுரப் பரப்பில், வரிசைக்கு 32 வீதம் 32 வரிசைகளாக, 1,024 இடங்களில் யாகி ஆன்டெனாக்கள் நிறுவப்பெற்றன. ஒவ்வோர் இடத்திலும் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் இரண்டு! இவ்விரட்டை ஏற்பாடு எதற்கு? வேண்டிய முனைவாக்கத்தைத் தேர்ந்து கொள்வதற்கே.

மின்காந்த அலையின் மின்புலம் எத்திசையில் அதிர்கிறதோ, அதுவே அதன் முனைவாக்கம். நேர்க்கோட்டில் அதிர்வது நேர்முனைவாக்கம். இது நிலைக்குத்தாகவோ கிடையாகவோ அமையலாம். திருகுபோல் சுழன்று முன்செல்வது வட்ட முனைவாக்கம்.

இவற்றுள் சிறந்தது எது? பயனைப் பொறுத்தே விடை கூற இயலும். காவல்துறை வண்டியிலும் மீன்பிடிப் படகிலும் நிற்கும் நிலைக்குத்துக் கம்பி, எல்லாத் திசைகளுடனும் ஒருங்கே தொடர்பு கொள்ளும். கூரைகளில் நாம் கண்ட தூர்தர்ஷன் ஆன்டெனாக்கள் கிடையாக அமைந்தவை. விண்கலமோ திசை மாறிக்கொண்டே செல்வது; அயனி மண்டலமும் நேர்முனைவாக்க அலையின் தளத்தைத் திருப்பிவிடும். ஆகவே, வழிகாட்டும் செயற்கைக்கோள்கள் வட்ட முனைவாக்கத்தையே பயன்படுத்துகின்றன.

அனுப்பும் முனையும் பெறும் முனையும் பொருந்தாவிடில் இழப்பு பெரிது. வட்ட அலையை நேர்முனை ஆன்டெனா பெற்றால் பாதித் திறன் வீணாகும். இரு நேர்முனை ஆன்டெனாக்கள் 45 பாகை விலகினாலும் அதே இழப்புதான். 90 பாகை விலகினால், கொள்கையளவில் எதுவுமே கிட்டாது.

இது ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடும் செய்தியன்று. 2021 நவம்பரில் திருப்பதியும் சித்தூர் மாவட்டமும் பெருமழையால் பட்ட துயரை அறிவோம். மழையை அளப்பதிலும் முனைவாக்கம் துணைநிற்கிறது. சிறு துளி உருண்டையானது. பெருந்துளியோ காற்றின் எதிர்ப்பால் தட்டையாகிறது. எனவே பெருந்துளியிலிருந்து கிடை அலை மிகுதியாகவும் நிலைக்குத்து அலை குறைவாகவும் எதிரொலிக்கும். இரண்டையும் ஒப்பிடும் வானிலை ரேடார், துளியின் பருமனை உணர்ந்து மழையளவைத் திருத்தமாக மதிப்பிடுகிறது. வெள்ள எச்சரிக்கைக்கு இத்திருத்தம் இன்றியமையாதது.

பொறியியல் பயிலும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிராமத்துக் கம்பியில்லாத் தொடர்பு நலிவுற்றால், விலைமிக்க பெருக்கியை வாங்குமுன் இரு முனைகளின் முனைவாக்கமும் ஒத்துள்ளதா என்று பாருங்கள். ஆன்டெனாவைச் சற்றே திருப்பி அமைப்பதற்குச் செலவு ஏதுமில்லை. பொதுப்பணத்தைக் காக்கும் எளிய வழி அது.