பட்டப்படிப்பும் முதன்மைப் பாடமும்

(மாணவர் – பெற்றோர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் பங்கு இல்லத்தை நாடி வருவோர் பலர். அவர்கள் கேட்பது, "எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும், சாமி?" என்பதே. "எந்தப் பாடம் எடுக்கலாம்? அதில் என்னென்ன படிக்க வேண்டியிருக்கும்?" என்று கேட்போர் மிகச் சிலரே. இந்த இரண்டாம் கேள்வியைப் பற்றியே இன்று நாம் சிந்திக்க இருக்கிறோம்.

நம் முன்னாள் குடியரசுத் தலைவர் டாக்டர் அப்துல் கலாம், திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1954-ஆம் ஆண்டு இயற்பியலில் பட்டம் பெற்றவர். பட்டம் பெற்ற பின்னரே அது தமக்குரிய பாடமன்று என்று உணர்ந்ததாக 'அக்கினிச் சிறகுகள்' நூலில் அவரே கூறியிருக்கிறார். சேரும்போது வேறு படிப்புகள் இருப்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல யாருமில்லை. பின்பு சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் சேர்வதற்கு, அவருடைய சகோதரி தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் திரட்டினார். கலாம் மீண்டு வந்தார். ஆனால் எல்லா வீட்டிலும் அடகு வைக்க வளையல் இருப்பதில்லை. ஆகவே, முதலிலேயே விசாரித்துத் தெரிந்துகொள்வது ஏழைக் குடும்பங்களுக்கு இன்னும் அவசியம்.

அமெரிக்கப் பல்கலைக் கழகங்கள் பலவற்றில் மாணவர் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் முதன்மைப் பாடத்தைத் தேர்ந்தால் போதும். நம் நாட்டுக் கல்லூரிகளிலோ பெரும்பாலும் விண்ணப்பப் படிவத்திலேயே அதை எழுதிக் கொடுத்தாக வேண்டும். பதினேழு வயதில் எழுதுகிற அந்த ஒரு சொல்லைப் பின்னர் மாற்றுவது எளிதன்று.

முதலாவதாக, பட்டம் என்பது ஒரே பாடமன்று என்பதை அறிய வேண்டும். நம் மாநிலக் கலை, அறிவியல் கல்லூரிகளில் அது ஐந்து பகுதிகளைக் கொண்டது. பகுதி ஒன்று தமிழ் அல்லது வேறு மொழி, இரண்டு ஆங்கிலம், மூன்று முதன்மைப் பாடமும் அதனோடு சேர்ந்த துணைப் பாடங்களும், நான்கில் சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி, திறன் பாடங்கள், ஐந்தில் நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை, விளையாட்டு போன்றவை. ஆறு பருவங்களிலும் உள்ள தாள்கள் அனைத்திலும் தேறினால்தான் பட்டம். முதன்மைப் பாடத்தில் எண்பது மதிப்பெண் வாங்கிவிட்டு, ஆங்கிலத் தாளில் அரியர் வைத்ததால் பட்டம் கைக்கு வராமல் நிற்கிற பிள்ளைகளும் உண்டு.

இரண்டாவதாக, துணைப் பாடங்களை நோக்க வேண்டும். இயற்பியல் எடுப்பவர் கணிதமும் வேதியியலும் படிப்பது வழக்கம். விலங்கியல் எடுப்பவருக்கு வேதியியல் வரும். கணக்குக்கு அஞ்சிப் பொருளியலிலும் வணிகவியலிலும் சேர்கிறவர்களை அங்கே புள்ளியியல் எதிர்கொள்கிறது! ஆழம் அறியாமல் காலை விடாதே என்று பெரியோர் சொன்னது இதற்கும் பொருந்தும். சேரும் முன்னரே கல்லூரியின் பாடத்திட்டத்தை வாங்கி, ஆறு பருவங்களுக்கும் உரிய தாள்களின் பெயர்களையாவது வாசித்துப் பாருங்கள்.

மூன்றாவதாக, அந்தப் பாடம் எந்தக் கதவைத் திறக்கும், எதை அடைக்கும் என்று விசாரிக்க வேண்டும். இந்திய ஆட்சிப் பணித் தேர்வு, வங்கி அதிகாரித் தேர்வு, மூன்றாண்டுச் சட்டப் படிப்பு ஆகியவற்றுக்கு எந்தப் பட்டமும் ஏற்கும். ஆனால் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராக வேண்டுமானால், பள்ளியில் நடத்தப்படும் பாடத்திலேயே பட்டமும், அதன்மேல் பி.எட்.டும் வேண்டும். பொருளியல், வணிகவியல் படித்தவர்கள் முதுகலையும் முடித்த பின்னரே நம் மாநிலத்தில் பி.எட். சேரலாம் என்பது விதியாக இருந்து வருகிறது. மூன்றாண்டு என்று எண்ணிச் சேர்ந்தவர்க்கு அது ஏழாண்டாகிறது. மேலும், புதுப்புதுப் பெயர்களில் பட்டங்கள் வருகின்றன. அவை பழைய பட்டத்துக்கு இணையானவை என்று அரசாணை இருக்கிறதா என்று பார்க்காமல் சேர்ந்தால், அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சிக்கல் வரும்.

பயிற்றுமொழியையும் எண்ணிப் பாருங்கள். தமிழ்வழியில் படித்தோருக்கு மாநில அரசுப் பணி நியமனங்களில் 20 விழுக்காடு முன்னுரிமை அளிக்கும் சட்டம் 2010-இல் வந்தது. 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், ஒன்றாம் வகுப்பு முதல் அப்பணிக்குரிய படிப்பு வரை முழுவதும் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகள் தமிழில் படித்த பிள்ளை, கௌரவத்துக்காகக் கல்லூரியில் ஆங்கில வழிக்கு மாறினால், பட்டம் கேட்கும் பணிகளில் அவ்வுரிமையை இழக்க நேரிடும். மாறக்கூடாது என்று சொல்லவில்லை. தெரிந்து மாறுங்கள் என்கிறோம்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரும் இதைக் கேட்டுக்கொள்வது நலம். பதினொன்றில் எடுக்கும் பிரிவே பாதி வழியைத் தீர்மானித்துவிடுகிறது. மேல்நிலையில் கணிதம் படிக்காதவர் பி.எஸ்ஸி. கணிதத்தில் சேர இயலாது.

இறுதியாக, பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பக்கத்து வீட்டுப் பையன் கணினி எடுத்தான் என்பதற்காக உங்கள் மகனும் எடுக்க வேண்டியதில்லை. பெண்பிள்ளைதானே, ஏதாவது ஒரு டிகிரி போதும் என்று சொல்வது அநீதி. உங்கள் பிள்ளை எந்தப் பாடப் புத்தகத்தை யாரும் சொல்லாமலே எடுத்துப் புரட்டுகிறது என்று கவனியுங்கள். அதுவே நல்ல அடையாளம். மாணவர்களே, நீங்களும் வெறும் ஆசையை மட்டும் சொல்லாமல், பாடத்திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா அம்மாவிடம் பேசுங்கள்.

நம் பங்கில் கல்லூரி முடித்தவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆசிரியர்களும் இருக்கிறார்கள். தேர்வு முடிவு வரும் வாரத்தில் அவர்கள் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி இங்கே வந்து அமர்ந்தால், அதுவே நம் பிள்ளைகளுக்கு நாம் தரும் நற்கொடையாகும். படிவத்தை நிரப்பும் முன் அவர்களிடம் கேளுங்கள். கேட்பதற்குக் கட்டணம் இல்லை.