மனசைப் படிக்கிற படிப்பு

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன மாதம் சேரன்மகாதேவி பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஒரு அக்கா மகளோட காலேஜ் ஃபீஸுக்கு உள்கடன் கேட்டாங்க. என்ன படிப்புன்னு கேட்டதுக்கு, பி.எஸ்சி. சைக்காலஜி என்றாங்க. உடனே ஒருத்தர், "ஏட்டி, பைத்தியத்துக்கா படிக்கப் போறா? நாளைக்கு எவன் கட்டுவான்?" என்றார். எல்லாரும் சிரிச்சோம். நானும்தான் சிரிச்சேன். பீடித்தட்டை மடியில் வெச்சுக்கிட்டு ஓரமா இருந்த அந்தப் பிள்ளை தலையை நிமிர்த்தவே இல்லை. கடன் தீர்மானமும் தள்ளிப்போச்சு. அதனால்தான் இன்றைக்கு இதைப் பேச வந்தேன்.

சைக்காலஜிக்குத் தமிழில் உளவியல் என்று பெயர். மனுஷன் எப்படிப் பார்க்கிறான், நினைக்கிறான், பழகுகிறான் என்று படிப்பது. மனநோய் பற்றிய பாடமும் உண்டு. ஆனால் அது பல பாடங்களில் ஒன்று.

நீங்க பீடி சுத்தப் பழகின நாளை நினைச்சுப் பாருங்க. ஒவ்வொரு இலையோடும் மல்லுக்கட்டினீங்க. இப்போ டி.வி. பார்த்துக்கிட்டே கை தானா சுத்துது. இது எப்படி நடக்குது என்பதுதான் 'கற்றல்' பாடம். இதுக்கு ஆய்வகமும் உண்டு. கையைப் பார்க்காமல், எதிரில் உள்ள கண்ணாடியை மட்டும் பார்த்து, ஒரு நட்சத்திரப் படத்தின் கோட்டு மேல் பென்சிலை ஓட்டணும். முதல் தடவை பென்சில் எங்கேயோ போகும். திரும்பத் திரும்பச் செய்தால் தப்பு குறையும். எவ்வளவு குறைஞ்சதுன்னு கணக்கெழுதணும். ஆமா, புள்ளியியல் பாடம் உண்டு. கணக்குக்குப் பயந்து இதில் சேருகிற பிள்ளைகள் இங்கேதான் மாட்டிக்கிறாங்க.

மூளையும் நரம்பும் வேலை செய்யும் விதம், கைக்குழந்தை முதல் முதுமை வரையிலான வளர்ச்சி, ஆலோசனை சொல்லும் முறை இவையும் வரும். கூட்டமாக இருக்கும்போது மனுஷன் நடப்பதைப் படிப்பது சமூக உளவியல். அன்றைக்கு ஒருத்தர் சிரித்ததும் நாம எல்லாரும் சேர்ந்து சிரிச்சோமே, அதுவும் அந்தப் பாடம்தான்!

ஜெர்மனியில் 1879-இல் வுண்ட் என்பவர் இதற்கு ஆய்வகம் தொடங்கினார். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1916-இலும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943-இலும் இதற்குத் தனித்துறை வந்துவிட்டது. நமக்குத்தான் இது புதுசு.

இனி கடன் கொடுக்கிறவங்க தெரிஞ்சுக்க வேண்டியது. மூன்று வருஷம் முடிச்சதும் பிள்ளை டாக்டர் ஆகிவிட மாட்டாள். மாத்திரை எழுதுவது மனநல மருத்துவர், அவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேலும் படித்தவர். உளவியல் வழியில் போனால் பி.எஸ்சி.க்குப் பிறகு எம்.எஸ்சி. இரண்டு வருஷம். சிகிச்சை தரும் உளவியலாளர் ஆகணும்னா இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த பயிற்சியும் பதிவும் வேண்டும். ஆக, நீண்ட பாதை. இதை மறைச்சு உங்ககிட்ட கடன் கேட்க எனக்கு மனசு வராது. பி.எஸ்சி.யோடு நின்றாலும் பட்டம் பட்டம்தான். ஏதாவது ஒரு பட்டம் போதும் என்கிற டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளை எழுதலாம். என்னை மாதிரி சமூகப்பணியும் படிக்கலாம்.

இன்னொன்று. வீட்டிலிருந்தே அஞ்சல் வழியில் சைக்காலஜி படிக்கலாம், பணம் மட்டும் கட்டுங்கன்னு ஒரு ஆள் அந்த அக்காகிட்ட சொல்லியிருக்கார். ஏமாந்துடாதீங்க. 2025-26 கல்வியாண்டு முதல் உளவியலில் தொலைதூர வழியிலோ ஆன்லைனிலோ புதுசா யாரையும் சேர்க்கக்கூடாதுன்னு யு.ஜி.சி. சொல்லிவிட்டது. கல்லூரிக்கு நேரில் போய்த்தான் படிக்கணும். எல்லாக் கல்லூரியிலும் இந்தப் படிப்பு கிடையாது. ப்ளஸ் டூவில் எந்த குரூப் எடுத்திருக்கணும் என்பதும் இடத்துக்கு இடம் மாறும். விண்ணப்பம் வாங்கும்போதே கேட்டுக்கோங்க.

வீட்டில் யாராவது தூங்காமல், பேசாமல் முடங்கிக் கிடந்தால், பிள்ளை படிச்சு முடிக்கட்டும்னு காத்திருக்காதீங்க. நம்ம ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கு. 14416-க்குப் போன் பண்ணினாலும் காசில்லாமல் பேசலாம்.

வருகிற வெள்ளிக்கிழமை அந்தக் குழு மறுபடி கூடுது. பிள்ளையையும் வரச் சொல்லியிருக்கேன். ஃபீஸ் எவ்வளவு, தினம் பஸ்ஸா ஹாஸ்டலா, எம்.எஸ்சி.க்கு என்ன வழி, தவணை யார் கட்டுவது, எல்லாத்தையும் அவகிட்டயே கேளுங்க. கட்டு முடியலைன்னா பீடித்தட்டோடவே வரட்டும்.